மும்மாரியும் வற்கடமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்த்துறையைச் சார்ந்த ஒருத்தி புள்ளியியல் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கணக்குப் படித்தவள் அல்லள். ஆயினும் இறையனார் அகப்பொருள் உரையைப் பாடம் சொல்லும் எவரும் ஒருநாள் இந்தக் கணக்கின் வாயிலில் வந்து நிற்கத்தான் வேண்டும். பாண்டிநாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் வருத்தியதென்றும், அரசன் புலவர்களை அழைத்து, நாடு செழித்தபின் திரும்பி வருமாறு கூறி வேற்றுநாடுகளுக்கு அனுப்பினான் என்றும் அவ்வுரை கூறுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையிலும் அதே பாண்டிநாடு, அதே பன்னிரண்டு ஆண்டுகள். சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரையோ ஆண்டுக்கணக்குச் சொல்லாமல், கண்ணகிக்குப் பின் பாண்டிநாட்டில் மழைவறம் மிகுந்ததென மட்டும் குறிக்கிறது. மூன்றும் சுட்டுவது ஒரே நிலப்பகுதி என்பது நோக்கத்தக்கது. சோணாட்டுக்கோ சேரநாட்டுக்கோ இந்தப் பெயர் இவ்வளவு அழுத்தமாக ஒட்டவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்க்குமா? மாணவர்கள் கேட்கும் வினா இது. ஆய்வாளர்கள் இதற்கு இருவகையாக விடை கூறி முடித்துவிடுகின்றனர். ஒருசாரார் அப்படியே வரலாறு எனக் கொள்வர். மற்றொரு சாரார் புராணக் கற்பனை எனத் தள்ளுவர். பன்னிரண்டு என்பது மரபெண் என்பதற்குச் சான்று உண்டு. வியாழன் ஒருமுறை வான்வட்டத்தைச் சுற்றிவரும் காலம் ஏறத்தாழ அதுவே. மகதநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வந்ததாகவும் பத்திரபாகு முனிவர் தம் கூட்டத்தோடு தெற்கே வந்ததாகவும் சமண மரபு கூறும். எனவே எண்ணை எழுத்துப்படி கொள்ளவேண்டியதில்லை என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால், ‘நடந்திருக்க முடியாது’ என்று சொல்பவர் எதனைக் கொண்டு அவ்வாறு சொல்கிறார்? அங்கேதான் கணக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பழைய பாண்டிநாட்டின் கீழ்த்திசையாகிய இன்றைய இராமநாதபுரம் மாவட்டம் மிதவறள் நிலம் எனப்படும் வகையைச் சார்ந்தது. ஓரிடத்தில் வெயிலும் காற்றும் ஆண்டு முழுவதும் உறிஞ்சக்கூடிய நீர் எவ்வளவோ, அதில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதிக்குள் மட்டுமே மழையாக வந்தால் அது மிதவறள் நிலம். அரசு அலுவலகங்களில் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று மேலதிகாரி மிரட்டினால் அது பெரும்பாலும் இந்த மாவட்டத்தைத்தான் குறிக்கும். ஆனால் இதன் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இலண்டன் மாநகரின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. குடையில்லாமல் வெளியே போகாத ஊர் அது. குடம் தூக்கி நடக்கும் ஊர் இது. சராசரி என்ற எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இலண்டன் மழை பன்னிரண்டு திங்களிலும் பரவிப் பெய்கிறது. இங்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

வறள்நிலத்து மழைக்கு இன்னொரு குணம் உண்டு. எடுத்துக்காட்டாக ஐந்து ஆண்டு மழையை 400, 500, 550, 600, 1450 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் 700. ஐந்தில் நான்கு ஆண்டுகள் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை! ஒரே ஒரு பெருமழை ஆண்டு சராசரியைத் தூக்கிவிட்டது. மழை குறைந்த நிலங்களில் ஆண்டுமழை இவ்வாறு ஒருபக்கம் சாய்ந்தே பரவுகிறது. ஆகவே அங்கே ‘சராசரிக்குக் குறைவு’ என்பது விலக்கன்று, வழக்கம். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுக்கும் இடைநிலை அளவே உழவன் எதிர்பார்க்கத்தக்க மழைக்கு நெருங்கியது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது 550.

இனிப் பன்னீராண்டுக்கு வருவோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மழை பொய்க்கும் நிலம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓராண்டு மழைக்கும் அடுத்த ஆண்டு மழைக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டாண்டு அடுத்தடுத்துப் பொய்ப்பதற்கான நிகழ்தகவு 16இல் ஒன்று. மூன்றாண்டுக்கு 64இல் ஒன்று. பன்னீராண்டுக்கு 1 கோடியே 67 லட்சத்தில் ஒன்று. ‘புராணம்’ என்பாருக்கு இது மகிழ்ச்சி தரும். ஆனால் மழை பொய்த்த ஆண்டை அடுத்து வரும் ஆண்டும் பொய்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றாக இல்லாமல் இரண்டில் ஒன்றாக இருக்குமானால், அதே பன்னீராண்டின் நிகழ்தகவு 8192இல் ஒன்றாகிவிடுகிறது. இன்னும் ஒருபடி மேலே சென்று, ‘பொய்த்தல்’ என்பதற்குச் ‘சராசரிக்குக் குறைதல்’ என்றே பொருள் கொண்டு, ஐந்தில் மூன்று ஆண்டுகள் அப்படிப்பட்டவை என எடுத்துக்கொண்டால், ஆண்டுகளிடையே தொடர்பில்லாத நிலையிலும் அது ஏறத்தாழ 460இல் ஒன்று. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. ஆயினும் 1 கோடியே 67 லட்சம் 460 ஆகச் சுருங்கியது எதனால்? வானம் மாறவில்லை, சொல்லின் பொருளை மாற்றினோம். ‘எது வறட்சி’ என்னும் வரையறையும், ‘ஆண்டுக்கு ஆண்டு தொடர்பு உண்டா’ என்னும் வினாவும் தெளிவாகாத வரையில் பன்னீராண்டு வற்கடத்தை ஏற்கவோ மறுக்கவோ யாருக்கும் உரிமை இல்லை.

இந்தத் தொடர்பைப் பற்றிய கணக்கு எங்கே முதலில் பொருத்திப் பார்க்கப்பட்டது தெரியுமா? இலக்கிய வட்டத்தார்க்கு இது உவப்பான செய்தி. அது பொருத்திப் பார்க்கப்பட்டது கவிதையில். உருசியக் கணித அறிஞர் மார்க்கோவ் 1913ஆம் ஆண்டில், புஷ்கின் எழுதிய ‘யெவ்கேனி ஒனேகின்’ என்னும் செய்யுட் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்து எது மெய்யெழுத்து எது எனக் கையால் எண்ணினார். மெய்யை அடுத்து உயிர் வருவதற்கு நிகழ்தகவு 0.663; உயிரை அடுத்து மீண்டும் உயிர் வருவதற்கு 0.128 மட்டுமே. முன் நின்ற எழுத்து பின் வரும் எழுத்தின் வாய்ப்பை மாற்றுகிறது. நம் தொல்காப்பியர் நூன்மரபில் மெய்ம்மயக்கம் கூறுமிடத்து எந்த மெய்யை அடுத்து எந்த மெய் நிற்கும் என்று வகுத்தாரே, அதை எண்ணிட்டுச் சொன்னால் மார்க்கோவின் அட்டவணைதான். ஆசிரியர் வரும், வாராது என்று மட்டும் கூறினார். உருசியர் எத்துணை முறை வரும் என எண்ணினார். (இதனால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. இலக்கணம் வேறு, எண்ணிக்கை வேறு.)

ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து, 1962இல், கேப்ரியேல், நியூமன் என்னும் இருவர் இதே முறையை மழைக்குப் பொருத்தினர். மத்தியதரைக் கடற்கரையிலுள்ள டெல் அவீவ் நகரின் குளிர்கால நாள்களை, உயிர் மெய் என்பதுபோல, மழைநாள், வறள்நாள் என இரண்டாகப் பகுத்தனர். மழைநாளை அடுத்து மழைநாள் வருவதற்கு நிகழ்தகவு 0.662, வறள்நாளை அடுத்து மழைநாள் வருவதற்கு 0.250. கவிதையில் உயிர் உயிரை விலக்கியது. வானத்தில் மழை மழையை அழைக்கிறது, வறட்சி வறட்சியை அழைக்கிறது. இவ்விரண்டு எண்களிலிருந்து எவ்வளவோ பெறலாம். மழைத்தொடர் சராசரியாக மூன்று நாள் நீடிக்கும். வறள்தொடர் நான்கு நாள். தொடங்கிய வறள்தொடர் பத்து நாளைத் தாண்டுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 18இல் ஒன்று. ‘பத்து நாளாயிற்றே, இனிப் பெய்யாமல் போகாது’ என்று நாம் ஆறுதல் கூறிக்கொள்கிறோம். இக்கணக்கு அந்த ஆறுதலைத் தருவதில்லை. நேற்று வறள்நாளாயின், அதற்கு முன் ஒருநாள் காய்ந்திருந்தாலும் பத்துநாள் காய்ந்திருந்தாலும் இன்று மழை வரும் வாய்ப்பு அதே நான்கில் ஒன்றுதான். அந்த எண்களை அப்படியே முதுகுளத்தூருக்குக் கொண்டுவர இயலாது, முறையைக் கொண்டுவரலாம். கொண்டுவரும்போது எது மழைநாள் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத்துறை 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளையே மழைநாளாகக் கொள்கிறது. தூறல் கணக்கில் ஏறாது.

நம் ஊர்ப்புறத்தார் இதைவிட நுட்பமான அளவு ஒன்று வைத்திருந்தனர். ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்பார்கள். வானிலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை அது அளக்கவில்லை. ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததா என்பதை அளந்தது. மில்லிமீட்டர் கலம் வானத்தை அளக்கிறது, உழவு நிலத்தை அளக்கிறது. இரண்டும் வேண்டியவையே.

‘மாதம் மும்மாரி’ என்னும் தொடரையும் இந்த நோக்கில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இதனை வெறும் வாழ்த்துமொழியாக, செழிப்புக்கு ஓர் அடைமொழியாகப் படித்துப் பழகிவிட்டோம். அதில் அளவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘மிகுந்த மழை’ என்று அது கேட்கவில்லை. மூன்று மழை என்று எண்ணிக்கை கேட்கிறது. மாதத்திற்கு மூன்று என்றால் இடைவெளி பத்து நாள். ஆகவே மும்மாரி என்பது வறள்தொடர் பத்து நாளைத் தாண்டலாகாது என்னும் வேண்டுகோள். மழையின் மொத்தத்தை விட்டு அதன் இடைவெளியைப் பேசிய சொல் இது. இராமநாதபுரத்து மானாவாரி நெல்லை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். அங்கே பருவமழைக்கு முன்பே, ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிடுவார்கள். முதல் மழைக்கு விதை முளைக்கும். முளைத்தபின் இரண்டு வாரம் வானம் மூடிக்கொண்டால் பயிர் கருகிப்போகும். பிறகு ஒரு வாரம் கொட்டோ கொட்டென்று கொட்டி, ஆண்டுக் கணக்கில் ‘இயல்பான மழை’ என்று பதிவாகிவிடும். பதிவேட்டில் குறையில்லை, வயலில் பயிரில்லை.

இதனால்தான் வரையறை வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று என்கிறேன். பருவமழை நெடுங்காலச் சராசரியில் 26 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தால் மிதமான வறட்சி, 50க்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி என்பது வானிலைத்துறையில் நெடுங்காலம் வழங்கிய அளவு. 2016ஆம் ஆண்டில் அத்துறை ‘வறட்சி’ என்ற சொல்லையே தன் பருவ அறிக்கைகளிலிருந்து விலக்கி, ‘பற்றாக்குறை ஆண்டு’ என எழுதத் தொடங்கிற்று. வறட்சி என அறிவிப்பது மாநில அரசின் பொறுப்பு என்பது காரணம். முறைப்படி அது சரியாக இருக்கலாம். சொல்லோடு வாழ்பவள் என்ற முறையில் எனக்கு அது சற்று உறுத்துகிறது. அதே ஆண்டில் மைய அரசு வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு ஒரு நல்ல செயலைச் செய்தது. மொத்தக் குறைவோடு வறள்தொடரையும் ஓர் அளவுகோலாக ஏற்றது. பருவம் தொடங்கவேண்டிய நாளுக்குப் பின் அடுத்தடுத்து மூன்று நான்கு வாரங்கள், ஒவ்வொன்றிலும் இயல்பில் பாதிக்கும் குறைவாகப் பெய்தால் அது வறள்தொடர். மும்மாரி கேட்ட பத்து நாளுக்கும் கையேடு கேட்கும் இருபது முப்பது நாளுக்கும் இடையில்தான் புழுதிவிதைப்பு நெல் செத்துப்போகிறது. நிவாரணம் ஒருவர்க்குக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் இந்த எண்களில் தொங்குகிறது. பயிரின் வேர் எத்தனை நாள் தாங்கும் என்பதைக் கேட்டு வரையறை வகுப்பதே முறை.

நாளிலிருந்து மீண்டும் ஆண்டுக்குச் செல்வோம். 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தில் இயல்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மழை. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் 62 விழுக்காடு குறைவு. 2017 சனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டு பருவங்களையும் கூட்டிச் சராசரி எடுத்துப் பாருங்கள்: இயல்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வரும். ஒரு பெருவெள்ளமும் ஒரு கொடிய வறட்சியும் சேர்ந்து ‘ஏறத்தாழ இயல்பு’ ஆகிவிட்டன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது மிகுதி. அவ்வாண்டின் மொத்தத்தை மட்டும் பின்னாளில் படிப்பவர், அது வளமான ஆண்டு என்றே எண்ணுவார்.

வறட்சியைத் தொடராகவே அளக்கவேண்டும் என்பதை முறைப்படுத்தியவர் எவ்யேவிச் என்னும் நீரியல் அறிஞர். 1967இல் அவர் கூறியது எளிய கருத்து. ஓர் எல்லைக்கோட்டை வரைக. மழை அதற்குக் கீழே இறங்கிய நாள்முதல் மேலே ஏறும் நாள்வரை ஒரு தொடர். அத்தொடருக்கு நீளம் உண்டு, குறைவின் மொத்தம் உண்டு, இரண்டையும் வகுத்தால் கடுமை உண்டு. கோட்டை எங்கே வரைவது என்பதற்கு 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் மக்கீ முதலியோர் ஒரு வழி கண்டனர். இன்று பல நாடுகளில் வழங்கும் ‘தரப்படுத்திய மழைக்குறியீடு’ அதுதான். ஒவ்வோர் ஊரின் மழையையும் அந்த ஊரின் பழைய மழையோடே ஒப்பிட்டு, எத்தனை படி விலகியுள்ளது என்று சொல்வது அது. இதன் சிறப்பு, மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், இருபத்துநான்கு மாதம் என வெவ்வேறு காலநீளத்துக்கு அதே கணக்கைச் செய்யலாம் என்பதே. மூன்று மாதக் கணக்கு பயிருக்கு. பன்னிரண்டு மாதமும் அதற்கு மேலும் கண்மாய்க்கும் கிணற்றுக்கும். ஒரே ஊர் ஒரே நாளில் பயிருக்கு ஈரமாகவும் கிணற்றுக்கு வறட்சியாகவும் இருக்கக்கூடும்.

கண்மாய் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வைகை தன் இறுதியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சென்று சேர்கிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும் அமைப்பு, சில நாள் மழைத்தொடரைப் பல வார நீராக நீட்டித் தருவது. பருவத்துக்குள் வரும் வறள்தொடருக்கு அது தக்க மருந்து. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீளும் தொடருக்கு அது மருந்தாகாது. கோடை வந்ததும் அதுவும் காய்ந்துவிடும். கண்மாயைத் தூர்வாரினால் எல்லா வறட்சியும் தீரும் என மேடையில் முழங்குவோர் இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்ளல் நன்று. நெடுந்தொடர் வந்தபோதெல்லாம் நம் மக்கள் செய்தது வேறு. அதற்குப் ‘பஞ்சம் பிழைக்கப் போதல்’ என்று பெயர். 1876இல் தொடங்கிய தாதுவருடப் பஞ்சத்தில் பிழைக்கப் போனவர்களும், போகும் வழியில் மடிந்தவர்களும் பல லட்சம்.

ஆண்டுகள் கூட்டங்கூட்டமாய் வருமா என்பதற்கு நைல் நதி ஒரு விடை தந்தது. கெய்ரோவின் ரோடா தீவில் 622ஆம் ஆண்டு முதல் எழுதிவைக்கப்பட்ட நீர்மட்டங்களை எகிப்தில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஹர்ஸ்ட் ஆராய்ந்தார். 1951இல் வெளியான அவர் கட்டுரை, தாழ்ந்த ஆண்டுகளும் உயர்ந்த ஆண்டுகளும் தற்செயலில் எதிர்பார்க்கத்தக்கதைவிட நீண்ட கூட்டங்களாக வருவதைக் காட்டியது. 1968இல் மாண்டல்புரோ, வாலிஸ் இருவரும் இதற்கு, விவிலியத்தில் ஏழாண்டு வளமும் ஏழாண்டு வறுமையும் முன்னுரைத்த யோசேப்பின் பெயரைச் சூட்டினர். ஆப்பிரிக்காவின் சகேல் பகுதியிலும் அதுவே காணப்பட்டது. 1950களில் மழை மிகுந்திருந்த அந்நிலத்தில் 1960களின் இறுதிமுதல் 1980கள் வரை பெரும்பாலும் குறைமழையே. பெருங்கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலை மெல்ல மாறுவதே இதற்கு முதன்மைக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. கடல் ஆண்டுகளைக் கட்டிப்போடுகிறது. பன்னீராண்டு என்னும் அளவிலான நெடுந்தொடர் இயற்கைக்குப் புறம்பானதன்று என்பதற்கு, வாழ்ந்து பார்த்த தலைமுறையே சகேலில் இருக்கிறது. யோசேப்புக்குத் தந்த பெயரை ஆபுத்திரனுக்கும் தந்திருக்கலாம். மணிமேகலையை அவர்கள் படித்திருக்கவில்லை.

ஆபுத்திரன் கதையில் இன்னொன்றும் உண்டு. தன்னை மதியாது நகைத்த ஆபுத்திரன்மேல் சினந்த இந்திரன் என்ன செய்தான்? மழை பெய்வித்தான். நாடு செழித்தது, பசித்தவர் எவரும் இல்லாமையால் அமுதசுரபிக்கு வேலையில்லாமற் போயிற்று. மழையைத் தண்டனையாகக் கொண்ட அந்தப் புலவன் பெரிய குறும்பன். இறையனார் அகப்பொருள் உரையிலோ குறும்பு இல்லை. மழை மீண்டது, அரசன் ஆள் அனுப்பினான், எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் வந்தனர், பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைக்கவில்லை. இதனைப் புள்ளியியல் காட்டிய வழியில் படித்தால் இது மிகத் துல்லியமான செய்தி. ஓராண்டு வறட்சியில் ஆசிரியர் ஊர்விட்டுப் போனாலும் திரும்பி வருவார், மாணவர் காத்திருப்பர். பன்னிரண்டு ஆண்டுகளில் ஆசிரியர் இறந்திருப்பார், மாணவர் வேறு தொழிலுக்குச் சென்றிருப்பர், அடுத்த மாணவர் தோன்றவே மாட்டார். அறிவு அறுந்துபோவதற்கு வேண்டிய காலம் அது. மழைக்குறைவின் அளவை உரையாசிரியர் சொல்லவில்லை. தொடரின் நீளத்தையும் அதனால் அற்றுப்போனது எது என்பதையும் மட்டும் சொன்னார். எவ்யேவிச்சின் கோட்டை அவரிடம் கொடுத்திருந்தால், புலவர் ஊரைவிட்டுப் புறப்படும் இடத்தில் அதை வரைந்திருப்பார்.